மூன்று எண்ணிவிட்டுப் பேசவும்

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

வந்து சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. முழங்கால் சொன்னபடி மடங்குகிறது, ரத்த அழுத்தம் அளவாக இருக்கிறது, பசி நேரத்துக்கு எடுக்கிறது. நீயும் அத்தானும் சௌக்கியமா? அத்தானுடைய இடுப்பு வலி இப்போது எப்படி?

கம்பெனி கொடுத்த அறை இரண்டாம் மாடியில். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டிடத்துத் தண்ணீர்த் தொட்டி தெரிகிறது. ஸ்டுடியோ நடக்கிற தூரம்தான். வாசலில் ‘மேல் போர்ஷன்’ என்று பெரிதாக எழுதி, பக்கத்தில் என் படத்தை ஒட்டியிருக்கிறார்கள். ‘கீழ் போர்ஷன்’ டிவி தொடரில் பதினோரு வருஷம் மாடியிலிருந்து இறங்கி வந்து, கதவைத் தட்டி, ஒரு வரி பேசிவிட்டு ஏறிப் போன மாடிக்காரருக்கு இப்போது சொந்தமாக ஒரு தொடர். பழைய தொடரிலிருந்து பிரிந்து வந்ததால் கிளைத் தொடர் என்கிறார்கள்.

செட்டில் எனக்கு ஒரு ஹால், சமையலறை, சோபா, ஒரு மருமகள் எல்லாம் கொடுத்திருக்கிறார்கள். முதல் நாள் பழக்கதோஷத்தில் என் வீட்டுக் கதவையே தட்டிவிட்டு வெளியே நின்றேன். டைரக்டர் வந்து, “சார், இது உங்க வீடு. நீங்க உள்ளேதான் இருக்கணும்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள் என்று நினைக்கிறேன்.

அங்கே போல இங்கே ஹால் நிறையப் பார்வையாளர்கள் கிடையாது. சிரிப்பை அப்புறம் சேர்த்துக்கொள்வார்களாம். சிரிப்பு வைக்க இடம் வேண்டும் என்பதால் ஒவ்வொரு ஜோக்குக்கும் பிறகு மனதுக்குள் மூன்று எண்ணிவிட்டுத்தான் அடுத்த வரியைப் பேச வேண்டும். சின்ன ஜோக்குக்கும் மூன்று, பெரிய ஜோக்குக்கும் மூன்று. செட் சுவரில் எழுதியே ஒட்டிவிட்டார்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒன்றாகப் பதின்மூன்று எபிசோட், ஜூனில் முடிகிறது. ஓடினால் தொடரும். ஓடாவிட்டால் அங்கேயும் எனக்கு இடமில்லை, மாடியை வேறு ஆளுக்கு விட்டுவிட்டார்களே. ஐம்பத்தெட்டு வயதில் மாடிக்காரரைத் தவிர வேறு யாராகவும் என்னை யாரும் கூப்பிடப்போவதில்லை.

மேடைக்குக் கீழே உன் மடக்கு நாற்காலி அதே இடத்தில்தான் இருக்கிறதா? கடிதமே போடு. போன் எனக்கு ஒத்துவராது என்று உனக்குத் தெரியும்.

அத்தானுக்கு வணக்கம்.

உன் தம்பி


ஜனவரி 25

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

நாங்கள் இருவரும் நலம். அத்தானுக்கு இடுப்பு வலி தோளுக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான் முன்னேற்றம். நீ வேளைக்குச் சாப்பிடு. கண்ணை வருஷத்துக்கு ஒரு தடவை காட்டிவிடு.

நாற்காலி அங்கேயேதான் இருக்கிறது. வசனப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, யாராவது வரியை மறந்தால் எடுத்துக்கொடுக்கிறேன். ஆனால் முன்பு போல ஒரு எபிசோடுக்கு முப்பது தடவை கண்ணாடியைக் கழற்றி மாட்டும் வேலை இல்லை. மூக்கில் இருந்த தழும்பு ஆறிவருகிறது.

மாடிக்கு ஒரு பாட்டு டீச்சரைக் குடிவைத்திருக்கிறார்கள். நல்ல மனுஷி. கதவைத் தட்டாமல் பாடிக்கொண்டே உள்ளே வருகிறார். உன்னுடைய வீட்டம்மா, அதாவது கீழ் வீட்டம்மாவாக நடிக்கிறவர், இன்னும் உன் தட்டலுக்காகக் கதவு பக்கம் திரும்பிவிடுகிறார். மூன்று டேக் வீணாயிற்று.

உன் எபிசோடை வரும் வாரம் பார்ப்போம். எனக்கு ஒன்று மட்டும் யோசனையாக இருக்கிறது. மாடிக்காரர் அடுத்தவர் வீட்டில் வந்து நிற்பதால்தான் சிரிப்பு. போகச் சொன்னால் உட்காருவார், உட்காரச் சொன்னால் கிளம்புவார். சொந்த வீட்டில் அவரை யார் போகச் சொல்வது?

கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ.

அக்கா


பிப்ரவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். லேசாகச் சளி இருந்தது, போய்விட்டது. அத்தானுடைய தோள் வலி எந்தத் தோளில் என்று எழுதவில்லையே.

இரண்டு எபிசோட் வந்துவிட்டது. பார்த்திருப்பாய். பார்த்துவிட்டு ஒன்றும் எழுதவில்லை என்பதால் உன் கருத்து புரிந்துவிட்டது. பத்திரிகையில் ‘மாடியிலேயே இருந்திருக்கலாம்’ என்று தலைப்பு போட்டிருந்தார்கள். எனக்கு வருத்தமாக இருந்திருக்க வேண்டும். பேப்பரை மடித்து வைத்துவிட்டு சட்டைக்கு இஸ்திரி போட்டேன்.

ஸ்டுடியோ வாசல் டீக்கடைக்காரர் முகத்துக்கு நேரே நின்று நிதானமாகச் சொன்னார், ஒரு எழுத்தும் தப்பவில்லை: “அங்க நீங்க எப்ப வருவீங்கன்னு பார்த்துக்கிட்டு இருப்போம் சார். இங்க எப்ப போவீங்கன்னு பார்த்துக்கிட்டு இருக்கோம்.” டீயில் சர்க்கரை மட்டும் குறைக்கவில்லை.

‘என்ன சொன்னீங்க?’ என்பது பழைய தொடரில் எபிசோடுக்கு ஒரு தடவை. போன வாரம் இங்கே பதினான்கு தடவை. ஜனங்கள் அதற்குத்தான் பார்க்கிறார்கள் என்கிறார் டைரக்டர். அங்கே நான் திரையில் நான்கு நிமிஷம். மற்ற நேரமெல்லாம் கதவுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, எப்போது சிவப்பு பல்பு எரியும், எப்போது உள்ளே போகலாம் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். இங்கே எல்லாக் காட்சியிலும் நான் இருக்கிறேன். மருமகளாக நடிக்கிற பெண் கேமராவைப் பார்த்துத்தான் பேசும், எனக்கு அதன் கொண்டைதான் தெரியும். பேசி முடித்துவிட்டதா இல்லையா என்று கொண்டையைப் பார்த்து என்ன கண்டுபிடிப்பது? நேற்று அதன் பேச்சு மேலேயே ஏறிப் பேசிவிட்டேன், நான்கு தடவை.

அக்கா, ஒரு வாரம் வந்துவிட்டுப் போ. கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலி வேண்டும் என்று டைரக்டரிடம் கேட்டுவிட்டேன். எதற்கு என்றார். ராசி என்று சொல்லிவைத்தேன். சரி என்றார். அத்தானையும் அழைத்து வா.

உன் தம்பி


ஏப்ரல் 3

அன்புத் தம்பிக்கு,

எழுதத் தாமதமாகிவிட்டது. அத்தானுக்குத் தோள், எனக்கு வேலை. இப்போது இருவரும் பரவாயில்லை. உன் உடம்பைப் பார்த்துக்கொள். முழங்காலுக்கு எண்ணெய் தடவுகிறாயா?

வர முடியாது போலிருக்கிறது. இங்கே வாரத்துக்கு இரண்டு எபிசோட் எடுக்கிறார்கள்.

எல்லா எபிசோடும் பார்த்தேன். ஒரு விஷயம் சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதே. உங்கள் தொடரில் ஒட்டுகிற சிரிப்பு எங்களுடையது. பழைய டேப்பிலிருந்து எடுத்திருக்கிறார்கள். எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு ஒரு அம்மாள் மட்டும் தனியாக “அய்யோ” என்பாள், அது கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. நான்காம் வருஷம், நீ மூன்று குடையோடு கதவில் மாட்டிக்கொண்டாயே, அன்றைக்கு வந்தவள் அவள். ஹாலே எழுந்து நின்று சிரித்தது. அந்தச் சிரிப்பை இப்போது நீ சோபாவில் உட்காருவதற்குப் போட்டிருக்கிறார்கள். குடைக்குச் சிரித்தவளைச் சோபாவுக்குச் சிரிக்கவைத்தால் எப்படி ஒட்டும்?

மருமகளை உன் பக்கம் திரும்பிப் பேசச் சொல். ‘என்ன சொன்னீங்க’வை ஒரு தடவைக்கு மேல் சொல்லாதே. வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

அக்கா


ஏப்ரல் 12

அக்காவுக்கு,

நலம். எண்ணெய் தடவுகிறேன்.

உன் கடிதத்தில் ‘அது கேட்டதும்’ என்பதற்கு முன்னால் இரண்டு சொல்லை அடித்திருந்தாய். அழுத்தி அடித்ததில் தாளே கிழிந்திருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ‘காதில் விழுந்ததும்’ என்று எழுதி அடித்திருக்கிறாய்.

அதை எதற்கு அடித்தாய்? யோசித்துப் பார்த்தேன். பல வருஷமாக அந்தச் சொல்லை என் எதிரில் நீ சொல்லி நினைவில்லை. கண், மூக்கு, கழுத்து, முழங்கால் எல்லாம் விசாரிக்கிறாய். நடுவில் ஒன்றை விட்டுவிடுகிறாய்.

நாற்காலி இன்னும் கேமரா பக்கத்தில் காலியாகத்தான் கிடக்கிறது. லைட்காரர் அதில் தன் சாப்பாட்டுப் பையை வைக்கிறார். நீ ஏன் வரவில்லை?

தம்பி


ஏப்ரல் 30

தம்பிக்கு,

இங்கே நலம்.

உனக்குக் காது கேட்காது. எழுதிவிட்டேன். எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து தொடர்கிறேன்.

முதல் எபிசோட் நினைவிருக்கிறதா? வீட்டம்மா உன்னைப் பார்த்து, “வாடகை வாங்க வந்தீங்களா, வம்பு வாங்க வந்தீங்களா?” என்றார். நீ மூன்று விநாடி அவர் முகத்தையே பார்த்துவிட்டு, “என்ன சொன்னீங்க?” என்று கேட்டாய். அது வசனத்தில் இல்லை. புத்தகம் என் மடியில்தான் இருந்தது. ஹால் அதிர்ந்தது. எழுத்தாளர் மேதை என்று உன்னைக் கட்டிக்கொண்டார். நீ நிஜமாகவே கேட்டாய் என்பது எனக்கு மட்டும் தெரிந்தது. அதற்கு முந்தின மாதம்தான் நீ காதுக்கு ஒரு கருவி வாங்கி, பெட்டியைப் பிரிக்காமல் மேஜை டிராயரில் போட்டதைப் பார்த்திருந்தேன். கேமராவில் தெரியும் என்று பயந்தாய். தெரிந்தால் வேஷம் போய்விடும் என்று நானும் பயந்தேன்.

அடுத்த வாரம் என் நாற்காலியை ஓரத்திலிருந்து நடுவுக்கு மாற்றிப் போட்டேன். ஹால் சிரிக்கிற வரைக்கும் கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொள்வேன். சிரிப்பு அடங்கியதும் மாட்டுவேன். மாட்டினால் நீ பேசலாம். இதை நாம் பேசி வைத்துக்கொள்ளவே இல்லை. மூன்றாவது வாரம் நீயாகவே பிடித்துக்கொண்டாய். உன் டைமிங்கைப் பற்றிப் பத்திரிகையில் அரைப் பக்கம் எழுதினார்கள். அத்தான் அதைக் கத்தரித்து வைத்திருக்கிறார்.

இதுவரை எழுதியது சுலபம். போன வருஷம் கம்பெனி மேலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “உங்க தம்பியால ஒரு தொடரைத் தனியா தாங்க முடியுமா? நீங்க சொன்னா சரி” என்றார். பார்வையாளர்கள் இல்லாமல் எடுக்கப்போகிறோம் என்பதையும் சொன்னார். முடியும் என்று சொன்னேன். உன் பெருமைக்காகச் சொன்னதாக அத்தானிடம் சொல்லிக்கொண்டேன். அது பொய். நீ போனால் போதும் என்று இருந்தது எனக்கு. பதினோரு வருஷமாக அந்த ஹாலில் எல்லாரும் சிரித்தார்கள், நான் சிரிப்பு எப்போது அடங்கும் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூட நான் சிரித்ததில்லை. நீ போனால் சிரிக்கலாம் என்று நினைத்தேன்.

இப்போது பாட்டு டீச்சருக்கு ஹால் சிரிக்கிறது. நான் புத்தகத்தைப் பார்க்கிறேன். சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. மரத்துப்போன காலை ஊன்றி நடக்கிற மாதிரி இருக்கிறது.

அதனால்தான் வரவில்லை.

அக்கா


மே 28

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. நலம். பத்தாவது எபிசோட் முடிந்தது. ஐந்து நாளாக மழை, தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிறது. அத்தானை விசாரித்ததாகச் சொல்.

தம்பி


ஜூன் 9

அன்புத் தம்பிக்கு,

உடம்பு எப்படி? ஒரு மாதம் காக்கவைத்து நான்கு வரி எழுதியிருக்கிறாய். அதிலும் ஒன்று தண்ணீர்த் தொட்டியைப் பற்றி. கோபம் என்றால் கோபம் என்று எழுது. திட்டினாலும் பரவாயில்லை. அத்தான் தினமும், “தம்பிகிட்டேயிருந்து வந்துச்சா?” என்று கேட்கிறார். மழை பெய்கிறதாம் என்று சொன்னேன்.

‘மேல் போர்ஷன்’ பதின்மூன்றோடு நிற்கிறது என்று இங்கே பேசிக்கொள்கிறார்கள். உனக்கு முறையாகச் சொன்னார்களா?

பாட்டு டீச்சர் ஆகஸ்டில் போகிறார். எழுத்தாளர் இன்று என்னிடம், “மாடிக்காரர் திரும்பி வருவாரா? கதவுக்குப் பின்னால அவரோட ஸ்டூலை இன்னும் யாரும் எடுக்கலை” என்றார். நீ வரலாம். ஆனால் பழைய மாதிரி மறைத்துக்கொண்டிருக்க இனி என்னால் முடியாது. அவர்களிடம் உண்மையைச் சொல்லிவிடட்டுமா? நீ சரி என்றால்தான் சொல்வேன். வேஷம் போனாலும் போகலாம்.

அக்கா


ஜூன் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். முறையாகச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை கடைசி எபிசோடை எடுத்தார்கள்.

கோபம் இல்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கோபம் வருகிறதா என்று ஒரு வாரம் பார்த்தேன். வரவில்லை. வேறு எதுவும்கூட வரவில்லை. தினமும் ஸ்டுடியோ போனேன், மூன்று எண்ணினேன், திரும்பி வந்தேன்.

வெள்ளிக்கிழமை ஹால் காட்சி. மருமகள் ஏதோ கேட்டது. என் வரி, “அதெல்லாம் மாடி ரகசியம்.” அதன் கொண்டையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இனி இழக்க என்ன இருக்கிறது என்று தோன்றியது. கேமராவைப் பார்த்துச் சொன்னேன்: “எனக்குக் காது கேட்காதும்மா. பன்னிரண்டு வருஷமா கேட்காது. நீ இப்ப என்ன கேட்டேன்னுகூடத் தெரியாது.”

சொல்லிவிட்டு மூன்று எண்ணினேன்.

கேமராக்காரருடைய தோள் குலுங்கியது. லைட்காரர் ஏணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். மேக்கப் அம்மா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். டைரக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தவர் நிமிரவே இல்லை. ஆறு மாதத்தில் கேமரா ஓடும்போது அந்த செட்டில் ஒருவரும் சிரித்து நான் பார்த்ததில்லை. மூன்று போதவில்லை என்று ஏழு வரை எண்ணினேன். அப்புறம், “நிஜமாத்தான் சொல்றேன்” என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

ஷாட் முடிந்ததும் டைரக்டர் ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “சார், இந்த வரி முதல் எபிசோடுலயே வந்திருந்தா நாம எங்கேயோ போயிருப்போம்!” என்றார். நன்றி என்றேன். அதன் பிறகு திரும்ப ஒரு தடவை சொல்ல எனக்குத் தெம்பில்லை. வெட்டாமல் அப்படியே போடப்போகிறார்களாம்.

நீ அங்கே அவர்களிடம் சொல்லிவிடு. உன் வாயால் சொன்னால் நம்புவார்கள்.

ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன். நீ சிரித்ததில்லை என்று ஏதோ ரகசியம் மாதிரி எழுதியிருக்கிறாய். அக்கா, அந்த மேடையில் நான் பார்த்த ஒரே முகம் உன் முகம்தான். ஹாலில் யார் சிரித்தார்கள் என்பது எனக்குத் தெரியாது, உன் கண்ணாடி மட்டும்தான் தெரியும். கண்ணாடியைக் கழற்றுவாய், மாட்டுவாய், உதடு ஒரு தடவைகூட விரியாது. மற்றவர்கள் மரியாதைக்குச் சிரிக்கிறார்கள், நான் நன்றாக நடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஒவ்வொரு வாரமும் உன்னைச் சிரிக்கவைக்கத்தான் உழைத்தேன். மூன்று குடை அதற்காகத்தான்.

அத்தானுக்கு வணக்கம்.

உன் தம்பி


ஜூலை 14

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

நாங்கள் நலம். காது எப்படி இருக்கிறது? டிராயரில் இருக்கிற பெட்டியைப் பிரித்து டாக்டரிடம் கொண்டு போ. இனிமேல் கண், மூக்கோடு அதையும் சேர்த்துத்தான் விசாரிப்பேன்.

கடைசி எபிசோடை நானும் அத்தானும் பார்த்தோம். அந்த இடத்தில் டேப் சிரிப்பு போடவில்லை, உங்கள் செட்டில் சிரித்த சிரிப்பையே வைத்திருந்தார்கள். அத்தானும் சிரித்துவிட்டார். என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். நான் என்னை அறியாமல் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தேன்.

ஏழு எண்ணியதாக எழுதியிருந்தாய். நானும் எண்ணினேன். சிரிப்பு ஒன்பது வரை போயிற்று. இரண்டு எண் முந்திவிட்டாய். “நிஜமாத்தான் சொல்றேன்” என்று நீ சொன்னது யாருக்கும் கேட்கவே இல்லை. அத்தான், “ஏதோ முணுமுணுத்தானே, என்ன?” என்றார். உன் உதட்டைப் பார்த்து நான் சொன்னேன். அதன் பிறகு டிவியை அணைத்துவிட்டோம்.

எழுத்தாளரிடம் சொல்லிவிட்டேன். “அப்ப அந்த ‘என்ன சொன்னீங்க’?” என்றார். “நிஜமாகக் கேட்டதுதான்” என்றேன். கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வீட்டம்மா மட்டும், “எனக்குச் சந்தேகம் இருந்துச்சு. அதான் அவர்கிட்ட எப்பவும் மூஞ்சியைக் காட்டியே பேசுவேன்” என்றார். பார், நாம் மட்டும்தான் மறைத்ததாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

வேஷம் போகவில்லை. ஆகஸ்ட் ஏழாம் தேதி வந்து கதவைத் தட்டு. மேடை விளிம்பில் உன் கண்ணுக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒரு சிவப்பு பல்பு வைத்திருக்கிறார்கள். சிரிப்பு அடங்கியதும் ஒலிக்காரர் அதைப் போடுவார். நல்ல பொறுப்பான ஆள், என்னைவிடச் சரியாகச் செய்வார்.

நடு நாற்காலியில் என்னைத் தேடாதே. புத்தகத்தை வேறொருவரிடம் கொடுத்துவிட்டேன். டிக்கெட் வாங்கிக்கொண்டு ஆறாவது வரிசையில், அத்தான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அங்கே இருட்டு, உனக்கு என் முகம் தெரியாது. மூன்று குடையும் கொண்டுவா.

சிரிப்பு வந்தால் எழுதுகிறேன்.

அக்கா